பேர் போட்ட தொட்டியும் அடி அண்ணாமலை மான்களும்

கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால், திருவண்ணாமலை வருகிற வரைக்கும் எனக்குப் பேச்சுத்துணை வேண்டாம். சாலைக்கு இரண்டு பக்கமும் என் வேலைதான் நிற்கிறது. ஊரைத் தாண்டியதும் இடது கைப் பக்கம் வருகிற கிணற்றுக்குச் சிமெண்ட் வளையமாக உறை இறக்கியவன் நான். அதற்கு அடுத்த நிறுத்தத்தில் சனங்கள் உட்கார்ந்திருக்கிற சிமெண்ட் பெஞ்சு நான் வார்த்தது. வேர்க்கடலைக் கொல்லைகளைச் சுற்றி வரிசையாக நிற்கிற வேலிக்கால், அரிசி மில் மதில் மேல் பூப்பூவாக ஓட்டை விட்ட சிமெண்ட் ஜாலி, ஏரிக்கரை ஓரத்தில் மாடு தண்ணீர் குடிக்கிற தொட்டி, எல்லாம் இந்தக் கையால் வந்தவை. எத்தனையோ மழையும் வெயிலும் பார்த்துவிட்டன. ஒன்றிலாவது விரிசல் காட்டுங்கள், நான் மீசையை எடுத்துவிடுகிறேன்.

மூன்றாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவரவில்லை. அப்பா இல்லாத வீடு. ரோடு போட்டவர்கள் விட்டுப்போன தார் ட்ரம்மை வெட்டி அச்சாக்கி என் முதல் உறையை வார்த்தபோது, மேலே சொன்ன மீசை எனக்கு முளைக்கவே இல்லை. வண்டி வைத்துக்கொள்ள வழியில்லாமல் அந்த உறையை ரோட்டிலேயே உருட்டிக்கொண்டு பக்கத்து ஊர் வரைக்கும் போனேன். பைத்தியம் சக்கரம் ஓட்டுகிறது என்று சிரித்தார்கள். சிரித்தவர்கள் வீட்டுக் கக்கூசுத் தொட்டிக்கெல்லாம் பிற்பாடு உறை போட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? எழுத்துகூட நான் உறை வார்க்கிற களத்தில்தான் படித்தேன். சிமெண்ட் பலகையில் பேர் எழும்பி வரவேண்டுமானால் எழுத்தை அச்சில் திருப்பிப் போடவேண்டும், கண்ணாடியில் தெரிகிற மாதிரி. அப்படிப் போட்டுப் போட்டுக் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் ஒரு வார்த்தையை நேராகப் படிப்பதைவிடத் திருப்பிப் படிப்பது எனக்குச் சுலபம்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், இவ்வளவு செய்தவனுடைய தொட்டியை ஒரு மான் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அது என்ன நியாயம் என்று நேரில் பார்க்கத்தான் இந்தச் சித்திரையில் நான் அடி அண்ணாமலைக்குப் போய் வந்தேன். போகாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். என் மகளைக் கொடுத்த இடம் அடி அண்ணாமலை. மகளும் மாப்பிள்ளையும் ஓசூரில் வேலையில் இருக்கிறார்கள். சம்பந்தி தனகோட்டி மட்டும் சம்பந்தியம்மாவோடு ஊரில் இருக்கிறார். அவருடைய மாந்தோப்பு கிரிவல ரோட்டுக்கும் மலைக்கும் நடுவில் இருக்கிறது. தோப்பு முடிகிற இடத்தில் காடு ஆரம்பம். கோடை வந்து மலையில் சுனை வற்றிவிட்டால் புள்ளிமான்கள் தண்ணீர் தேடி இறங்கும். தோப்பைத் தாண்டி, ரோட்டைக் கடந்து, அந்தாண்டப் பக்கத்து வயல்களுக்குப் போகும். போகிற மான் எல்லாம் திரும்பி வருவதில்லை. வண்டி அடிக்கும், தப்பினால் நாய் கடிக்கும். போன கோடையில் ஒரு சினை மானை நாய்கள் கிழித்ததைப் பார்த்துவிட்டுச் சம்பந்தி ரெண்டு நாள் சாப்பிடவில்லை என்று மகள் போனில் சொன்னாள்.

"ரோட்டுக்கு இந்தாண்டயே தண்ணி வெச்சா மானு எதுக்கு அந்தாண்டப் போவுது? நான் பார்த்துக்கறேன்" என்று சொன்னேன். மாசி மாதம் ஒரு தொட்டி வார்த்து டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய், அவர் தோப்பின் கோடியில் மோட்டார் கொட்டகைச் சுவரை ஒட்டி இறக்கினேன். பட்டா நிலம், காட்டுக்குள் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. ஐந்தடி நீளம், இரண்டரை அடி உயரம், உள்ளே எட்டு எம்எம் கம்பி. காட்டைப் பார்த்த முகப்பில் எழும்பின எழுத்தில் 'உபயம்: கோ. ஏழுமலை, உறை கான்ட்ராக்டர், கீழ்பென்னாத்தூர்' என்று சிவப்பு எனாமலில் பளபளவென்று இருந்தது. தேங்காய் உடைத்தோம். கைதட்டினார்கள்.

பங்குனி போய்ச் சித்திரை பிறந்ததும் சம்பந்தி போன் செய்தார். "சம்பந்தி, கோச்சிக்காதீங்க. ஒரு மானுகூட வாய் வைக்கலை. முந்தாநாள்கூட ஒண்ணு ரோட்ல அடிபட்டுடுச்சு."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் என் வீட்டுக்காரி சரோஜாவும் நானும் கிளம்பினோம். பஸ்ஸில் கண்டக்டர் வந்தார். "அம்மாவுக்கு ஃப்ரீ. ஐயாவுக்கு இருபது."

"அம்பது வருஷமா இந்த ரோட்டுக்கு வேலை செஞ்சவன் நான். எனக்கு டிக்கெட்டு, இவளுக்கு ஃப்ரீயா?" என்றேன்.

"நீங்க ரோட்டுக்கு வேலை செஞ்சீங்க. நான் உங்களுக்கு வேலை செஞ்சேன். எனக்குத்தான் ஃப்ரீ" என்று சரோஜா சொன்னதும் கண்டக்டர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மியான தூரம், முக்கால் மணி நேரம் ஆகிறது. அவள் தூங்கினாள். நான் என் வேலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

திருவண்ணாமலையில் இறங்கி ஆட்டோ கேட்டோம். அடி அண்ணாமலைக்கு இருநூற்றைம்பது சொன்னார், இருநூறுக்கு வந்தார். பௌர்ணமி நாளில் போகாதீர்கள், அன்றைக்கு ஆட்டோவே உள்ளே போகாது. செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டுகிற இடத்தில் வெள்ளைக்காரர்கள் சைக்கிளில் எதிரே வந்தார்கள். ஒரு காப்பிக் கடை மதில் மேல் மயில் ஒன்று தோகையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது. கீழே நாலு பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த மதிலுக்கு வைத்த ஜாலி நம்முடையது இல்லை. பார்த்தாலே தெரிகிறது, ஓரம் எல்லாம் உதிர்கிறது.

கிரிவல ரோட்டில் திரும்பியதும் ஆட்டோக்காரரிடம் மான் நடமாட்டம் எப்படி என்று கேட்டேன்.

"இப்ப ரொம்ப ஜாஸ்திங்க. காலைல, சாய்ங்காலம் திடீர்னு குறுக்க வுழும். எங்க ஸ்டேண்டு வண்டில ஒண்ணு மோதிடுச்சு."

"வண்டிக்கு என்னா ஆச்சு?"

"வண்டிக்கு ஒண்ணும் ஆவலை" என்றார்.

"அதுக்குத் தண்ணி வெச்சிக்கீறாங்களாமே, யாரோ?" என்று பிறகு கேட்டார்.

"யாரோ இல்லை. நான்தான்."

அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். "அப்படியா? அதுல குரங்கு குளிக்குதுன்னு சொன்னாங்க" என்றார்.

சம்பந்தி வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க சம்பந்தி, வாங்க. உங்க தொட்டி நல்லாத்தான் இருக்குது. எங்க ஊரு மானுங்கதான் சரியில்லை."

மாப்பிள்ளையைப் பெற்றவர். சிரித்து வைத்தேன்.

அவர் வீட்டு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் முழுக்க நான் கல்யாணத்தின்போது வைத்துக் கொடுத்த ஜாலி. தோப்பின் கோடி அங்கிருந்து நன்றாகத் தெரியும். ஜாலிக்குப் பின்னால் பாயைப் போட்டு உட்கார்ந்துகொண்டால் நாம் எல்லாவற்றையும் பார்க்கலாம், நம்மை எதுவும் பார்க்காது. காட்டில் லட்சக்கணக்கில் செலவு செய்து கோபுரம் கட்டி மிருகம் பார்க்கிறார்கள் என்று கேள்வி. என் ஜாலி இருந்தால் போதும்.

சாயங்காலம் ஐந்து மணி. முதலில் வந்தது குரங்குக் கூட்டம். ஆட்டோக்காரர் பொய் சொல்லவில்லை. கொட்டகைக் கூரையில் ஏறி நின்று ஒன்றன் பின் ஒன்றாகத் தொட்டிக்குள் குதித்தன. ஒரு குட்டி என் பேரின் மேல் காலை வைத்து ஏறி மறுபடி மறுபடி குதித்தது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் ஏரியில் விழுகிற மாதிரியே இருந்தது. சரோஜா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

குரங்குகள் போன பிறகு வேலிக்காத்தான் புதருக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. முதலில் காது. அப்புறம் கழுத்து. காய்ந்த சருகு நிறத்தில் உடம்பு, அதன் மேல் வெள்ளைப் புள்ளி. நான் இந்த வயதுக்கு மானைப் பார்க்காதவன் இல்லை. ஆனால் பார்த்ததெல்லாம் ஓடுகிற மான். நிற்கிற மானை அன்றைக்குத்தான் பார்த்தேன். பெட்டை ஒன்று முன்னே வந்தது. பின்னால் ஏழெட்டு நிழல்கள். அது முன்னங்காலைத் தூக்கித் தரையில் ஒரு தட்டுத் தட்டியது. தொட்டியைப் பார்த்தது. நாக்கு வெளியே வந்து மூக்கை நக்கியது. அவ்வளவு தாகம். இரண்டு அடி வைத்தது, நின்றது, மறுபடி தட்டியது. அப்படியே திரும்பிக் கூட்டத்தோடு தோப்பு ஓரமாக ரோட்டுப் பக்கம் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு வேன் நீளமாக ஹாரன் அடித்தது. நாங்கள் மூன்று பேரும் எழுந்து நின்றுவிட்டோம். வேறு சத்தம் எதுவும் வரவில்லை. தப்பித்தன.

"பேரைப் படிச்சிட்டுத் திரும்பிப் போவுதுங்களோ என்னவோ" என்றார் சம்பந்தி.

"மானு என்னா உங்க பேரைச் சொல்லிட்டா தண்ணி குடிக்கணும்? எதுக்கு அம்மாம் பெரிசா எழுதணும்?" என்று சரோஜா அவரோடு சேர்ந்துகொண்டாள்.

"பேர் எழுதாத தொட்டியை யாராவது உபயம் குடுப்பாங்களா?" என்றேன். கோயிலில் ட்யூப் லைட் கொடுத்தவன்கூட வெளிச்சத்தை மறைத்துப் பேர் எழுதுகிற ஊர் இது. நான் தண்ணீரை மறைக்கவில்லையே.

மறுநாள் விடிகிறதற்கு முன்னாலேயே மாடிக்கு வந்துவிட்டேன். அடி அண்ணாமலை மலைக்கு மேற்குப் பக்கம். சூரியன் மலைக்கு அந்தாண்ட எழுந்தாலும் நமக்கு வெயில் தாமதமாகத்தான் வரும். ஊர் முழுக்க மலை நிழலில் கிடக்கும். அந்த நீல வெளிச்சத்தில்தான் காட்டுக்குச் சொந்தக்காரர்கள் நடமாடுகிறார்கள். செம்போத்து ஒன்று புதருக்குள்ளிருந்து ஊப் ஊப் என்றது. தவிட்டுக் குருவிக் கூட்டம் சருகைக் கிளறிக்கொண்டு சண்டை போட்டபடி வந்தது. ஒரு கீரி வேலியோரமாகத் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டு ஓடியது. வாழ்க்கையில் இதுவரை இவையெல்லாம் எனக்குத் தொந்தரவு. ஈரச் சிமெண்டில் கால் வைக்கிற காக்கை, அடுக்கி வைத்த உறைக்குள் சுருண்டு கிடக்கிற பாம்பு, மணல் குவியலில் தேள். விரட்டத்தான் தெரியும். சும்மா உட்கார்ந்து பார்க்கலாம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எனக்கு நேரம் ஏது?

மான்கள் வந்தன. அதே பெட்டைதான் முன்னால், ஒரு காது நுனி கிழிந்திருந்தது, அடையாளம் தெரிந்தது. இந்த முறை அது தொட்டி வரைக்கும் வந்துவிட்டது. நான் மூச்சை நிறுத்தினேன். தொட்டிக்குள் தலையை விடவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் தரையைப் பார்த்துக் குனிந்தது.

அங்கே சம்பந்தியின் பிளம்பர் போட்ட பைப் ஜாயிண்ட் ஒழுகிக்கொண்டிருந்தது. என் தொட்டி ஒழுகாது, ஜாயிண்ட்தான் ஒழுகியது, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒழுக்கில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சேற்றுக் குட்டை. மான் அதைக் குடித்தது! பக்கத்தில் தொட்டி நிறைய நல்ல தண்ணீர் நிற்க, சேற்றை உறிஞ்சியது. குட்டை அதோடு தீர்ந்தது. மற்ற மான்கள் ஈர மண்ணை நக்கிவிட்டு ரோட்டுப் பக்கம் நடந்தன.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் ஒன்று கவனித்தேன். குட்டையில் குடிக்கும்போது அதன் வாய்தான் கீழே இருந்தது. கண் மேலே இருந்தது. குடிக்கக் குடிக்க வீட்டைப் பார்த்தது, புதரைப் பார்த்தது, நாய் குரைத்த திசைக்குக் காதைத் திருப்பியது. நான் வார்த்தது மாட்டுத் தொட்டி. மாடு உள்ளே தலையை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கும். பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாம் நிற்கிறோம் என்று அதற்குத் தெரியும். மானுக்கு யார் நிற்கிறார்கள்? இரண்டரை அடிச் சுவருக்குள் தலையை விட்டால் அந்த நேரம் அதற்கு உலகமே தெரியாது. உயிரை வெளியே வைத்துவிட்டு எந்தப் பிராணி குடிக்கும்?

இதைக் கண்டுபிடித்தது நான். அந்த நேரத்தில் மாடியில் மூன்று பேர் இருந்தோம், எனக்குப் பின்னால் வந்த மற்ற இரண்டு பேரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். குரங்கு குதிப்பதைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவர்கள்தான், மான் ஏன் குனியவில்லை என்று பார்க்கவில்லை.

"முன்சுவரை இறக்கணும்" என்றேன்.

சம்பந்தி காப்பியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மற்ற மூன்று பக்கமும் கொட்டகை, வேலி, வேப்பமரம். மான் வரக்கூடிய பக்கம் முகப்பு ஒன்றுதான். முகப்பில்தான் பேர் இருக்கிறது.

"அந்தப் பக்கமாங்க?" என்றார் மெதுவாக. "வேணாம் சம்பந்தி. சுவத்துக்கு முன்னால மண்ணைக் கொட்டி ஏத்தி வுட்டுடலாம். பேரு உள்ளாறவே பத்திரமா இருக்கும்."

அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் மண்ணைக் கொட்டினால் முதல் மழையில் கரையும். சுவரின் உயரமும் உள்ளே அப்படியேதான் இருக்கும், அணில் விழுந்தால் ஏறி வர முடியாது. அரைகுறை வேலை என் கைக்கு வராது. சம்மட்டி எங்கே என்று கேட்டேன்.

தண்ணீரை மாமரத்துக்குத் திறந்துவிட்டுத் தொட்டியைக் காலி செய்தோம். முதல் அடியை நான்தான் அடித்தேன். 'உபயம்' மேல் விழுந்தது. ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. இன்னொன்று. சம்மட்டிதான் எகிறியது. மற்றவன் தொட்டியாக இருந்தால் நாலு அடியில் பொலபொலவென்று கொட்டியிருக்கும். சம்பந்தி வாங்கி அடித்தார், மூச்சு வாங்கியது. "இம்மாம் கெட்டியாவா போடுவாங்க!"

"நான் போடுவேன்."

"யாரு கேட்டாங்க உங்களை?" என்றார். அன்றைக்கு அவர் என்னை உரிமையோடு திட்டினது அது ஒன்றுதான். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

வெயில் மலையைத் தாண்டி வந்து முதுகில் ஏறுகிற வரைக்கும் மாற்றி மாற்றி அடித்தோம். கான்ட்ராக்டர் போனது, கீழ்பென்னாத்தூர் போனது, கடைசியில் நடுவில் 'ஏழுமலை' மட்டும் நின்றது. சரோஜா வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்தாள். இரவெல்லாம் கிண்டல் செய்தவள்தான். "போதும், அவ்வளவு இருக்கட்டுமே, குறுக்கவா நிக்குது?" என்றாள்.

குறுக்கேதான் நின்றது. ஒரே அடி. என் கணக்கில் அதுதான் அன்றைக்கு விழுந்த அடிகளில் சரியான அடி.

சுவரை ஒரு சாண் உயரத்துக்குக் கொண்டுவந்தோம். கம்பியை ஆக்ஸா பிளேடால் அறுத்து முனையை மடக்கிப் புதைத்தேன். உள்ளேயும் வெளியேயும் சரிவு வேண்டும், குளத்துக்குப் படித்துறை மாதிரி. அதற்கு அடியில் நிரப்பக் கல் வேண்டுமே. உடைந்த துண்டுகள் இருந்தன. என் பேரையே தூக்கிப் போட்டு நிரப்பினேன். மேலே சிமெண்ட் பூசலாம் என்று சம்பந்தி ஒரு மூட்டையைக் கொண்டுவந்தார். வேண்டாம் என்றேன். புதுச் சிமெண்டின் நெடி மாட்டுக்கே ஆகாது. களிமண்ணையும் சாணியையும் குழைத்துக் காலால் மிதித்துக் கெட்டியாக்கினேன். மேல் பூச்சு கரைந்தாலும் அடியில் என் கல் நிற்கும். சிமெண்ட் இல்லாமல் நான் முடித்த முதல் வேலை அது.

அன்று சாயங்காலம் எதுவும் வரவில்லை. குரங்குகள் வந்து பார்த்துவிட்டு, குதிக்க ஆழம் இல்லை என்று தெரிந்ததும் எங்களை நோக்கிப் பல்லைக் காட்டிவிட்டுப் போயின. "மனுசன் நாத்தம் போவணும்ங்க" என்று சம்பந்தி ஆறுதல் சொன்னார். எனக்கும் தெரியும். ஆனால் ரோட்டில் ஹாரன் கேட்கிறபோதெல்லாம் எழுந்து போய் ரோட்டைப் பார்த்தேன். நாளைக்கும் குடிக்காவிட்டால் பேரும் போய், மானும் போய், நான் வெறும் கையோடு பஸ் ஏறவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. நாலு பேரும் ஜாலிக்குப் பின்னால் இருந்தோம், சம்பந்தியம்மாவும் வந்துவிட்டார். முதலில் தவிட்டுக் குருவிகள் சரிவில் இறங்கி வரிசையாக மூக்கை நனைத்தன. ஒரு கௌதாரி, குஞ்சுகளை இழுத்துக்கொண்டு வந்தது. குஞ்சுகள் என் களிமண் சரிவில் நடந்து இறங்கி, நடந்து ஏறின. ஒன்றும் விழவில்லை. மயில் ஒன்று வந்து தலையைத் தாழ்த்தி, நிமிர்த்தி, தொண்டையில் இறக்கியது. அதுவரைக்கும் புதருக்குள் காத்திருந்திருக்க வேண்டும், மயில் குடிப்பதைப் பார்த்த பிறகுதான் கிழிந்த காதுக்காரி வெளியே வந்தாள்.

நேராக வந்தாள். சரிவுக்கு முன்னால் நின்றாள். முன்னங்காலைத் தூக்கினாள். தட்டப் போகிறாள், திரும்பப் போகிறாள் என்று நினைத்தேன். தட்டவில்லை. காலை என் பேரின் மேல் வைத்தாள். அடுத்த காலையும் வைத்தாள். குனிந்தாள். வாய் தண்ணீரில், கண் எங்கள் மாடியில். குடித்தாள் ஐயா, குடித்தாள்! தொண்டையில் தண்ணீர் இறங்குவது கழுத்து ஓரத்தில் அலை அலையாகத் தெரிந்தது.

நான் எழுந்துவிட்டேன். கத்தியிருப்பேன். சரோஜா பின்னாலிருந்து என் வாயை இரண்டு கையாலும் பொத்தி உட்கார வைத்தாள். சம்பந்தி என் தொடையில் அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தத்தில் ஓடிவிடப் போகிறதே என்று அவர் கையையும் சரோஜாதான் பிடிக்கவேண்டி இருந்தது.

ஒவ்வொன்றாக வந்தன. இரண்டு பெட்டைகளுக்கு நடுவில் புகுந்து ஒரு குட்டி வாயை வைத்துவிட்டு, மூக்கில் தண்ணீர் ஏறித் தும்மியது. கடைசியாகக் கொம்பன் வந்தது. கொம்பு மேல் இன்னும் பஞ்சு மாதிரித் தோல் மூடியிருந்தது. எல்லாம் குடித்து முடிக்கிற வரைக்கும் ஒதுங்கி நின்று அது கடைசியில் குடித்தது. நான் கல்யாண வீடுகளில் பார்த்திருக்கிறேன், நல்ல வீட்டுக்காரன் அப்படித்தான் கடைசிப் பந்தியில் உட்காருவான். வாயிலிருந்து தண்ணீர் சொட்ட நிமிர்ந்து மலையைப் பார்த்தது. பிறகு எல்லாம் திரும்பின. ரோட்டுப் பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை. வந்த வழியே மலைக்கு ஏறின. மலை உச்சியில் அப்போதுதான் வெயில் எட்டிப் பார்த்தது.

ஐந்தடித் தொட்டி. ஒரு கூட்டத்தின் வழியையே திருப்பிவிட்டது. வேறு யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள், போய்ப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வருகிறேன்.

மத்தியானம் கிளம்புவதற்கு முன் சம்பந்தியோடு முனையில் இருக்கிற டீக்கடைக்குப் போனேன். அவர் போனில் பிடித்த படம் எங்களுக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. டீக்கடைக்காரர் போனை என்னிடமே நீட்டினார்.

"பார்த்தீங்களா பெரியவரே? நம்ம தனகோட்டி தொட்டி. மானு என்னா அழகா குடிக்குது!"

நான் சம்பந்தியைப் பார்த்தேன். அவர் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"தொட்டி யாரு வார்த்ததுன்னு கேளுங்க" என்றேன்.

"யாரு வார்த்தா என்னாங்க, தண்ணி வுடறது அவரு" என்றார் கடைக்காரர். சம்பந்தி அப்போதும் டீயைத்தான் ஊதினார். அந்த டீ அவ்வளவு சூடு இல்லை. ஒரு டீ பதினைந்து ரூபாய், நான்தான் கொடுத்தேன், இரண்டுக்கும்.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். கிணறு வந்தது, பெஞ்சு வந்தது, வேலிக்கால் வந்தது. எல்லாவற்றிலும் ஒரு மூலையில் என் பேர் இருக்கிறது. நான் செய்ததிலேயே பெரிய வேலையில் மட்டும் பேர் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. "மானுக்குத் தெரியும், விடுங்க" என்றாள் சரோஜா. மானுக்குத் தெரிந்து என்ன? டீக்கடைக்காரருக்குத் தெரியவேண்டாமா?

சம்பந்தி, இதை நீங்களும் படிப்பீர்கள், படித்துக் காட்ட ஆள் இருக்கிறது. தண்ணீர் விடுவது நீங்கள்தான், மறுக்கவில்லை. ஒரு நாளும் விட்டுவிடாதீர்கள். தொட்டியில் என் பேர் வேண்டாம், அது மானுக்கு. ஆனால் உங்கள் கேட்டுக்கு வெளியே, ரோட்டைப் பார்த்த மாதிரி, மானின் கண்ணுக்கும் வழிக்கும் குறுக்கே வராத இடத்தில் ஒரு பலகை வந்தாகவேண்டும். நீங்கள் எழுதுவீர்கள் என்று நான் காத்திருக்கவில்லை. நானே வார்த்துவிட்டேன், இறுகுவதற்காகக் களத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது. 'மான் தொட்டி உபயம்: கோ. ஏழுமலை, கீழ்பென்னாத்தூர்.' எழுத்து ஒரு சாண் உயரம். கீழே 'இடம், தண்ணீர்: தனகோட்டி' என்று உங்கள் பேரும் இருக்கிறது, கொஞ்சம் சின்ன எழுத்தில்.

வருகிற வெள்ளிக்கிழமை டிராக்டரில் கொண்டு வருகிறேன். இரண்டடி ஆழத்துக்குக் குழி தோண்டி வையுங்கள். டீக்கடைக்காரரையும் வரச் சொல்லுங்கள்.